நல்ல இன்ஸ்பெக்டர் வருவார் என்று காத்திருக்காதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வரும் தங்கை ஒருத்தி கண் வீங்கி வந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரவெல்லாம் கண் விழித்து, போனில் 'தஹாட்' தொடரை முழுவதும் பார்த்து முடித்திருக்கிறாள். புத்தகத்தைத் திறக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, அந்த அஞ்சலி மாதிரி ஒரு எஸ்.ஐ. அன்னைக்கு நம்ம ஸ்டேஷன்ல இருந்திருந்தா, அப்பா கேஸ் நின்னிருக்கும்ல?"

அவள் அப்பாவின் வழக்குக்காக நானும் கூடவே அலைந்தவள். அன்று அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்கு மட்டும் இல்லை, இதே கேள்வியை மனதில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'தஹாட்' 2023 மே மாதம் அமேசான் பிரைமில் வந்தது. ரீமா காக்தியும் சோயா அக்தரும் உருவாக்கிய இந்தித் தொடர். ராஜஸ்தானின் ஒரு சிறு நகரத்தில் அஞ்சலி என்ற தலித் பெண் சப்-இன்ஸ்பெக்டர். சோனாக்ஷி சின்ஹா நடித்திருக்கிறார். ஏழைக் குடும்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போய், மணப்பெண் கோலத்தில் பொதுக் கழிப்பறைகளில் பிணமாகக் கிடக்கிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள். அத்தனை மரணங்களையும் ஒன்றாகக் கோர்த்துப் பார்ப்பவள் அஞ்சலி.

தொடரில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. அஞ்சலி நடந்து போனதும் உடன் வேலை பார்க்கும் ஒருவர் ஊதுபத்தி கொளுத்துகிறார். வார்த்தை எதுவும் இல்லை, புகை மட்டும்தான். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நம் அண்ணன் அக்காக்களைக் கேட்டுப் பாருங்கள், அவரவர் ஊதுபத்தி எது என்று சொல்வார்கள். சிலருக்குத் தனி டம்ளர், சிலருக்கு மதிய உணவின்போது தள்ளிப் போடப்படும் நாற்காலி. 'மேக்வால்' என்ற குடும்பப் பெயரை மறைத்து வேறு பெயரோடு வளர்ந்த அஞ்சலி, கடைசியில் அந்தப் பெயரையே திரும்ப எடுத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் நானும் அழுதேன்.

இன்னொன்றும் அந்தத் தொடர் சரியாகக் காட்டியது. தங்கையைக் காணவில்லை என்று ஒரு ஏழை அண்ணன் ஸ்டேஷனுக்கு நடையாய் நடக்கிறான். யாரும் கண்டுகொள்ளவில்லை. அவளை ஒரு முஸ்லிம் பையன் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று அவன் ஒரு பொய் சொன்ன பிறகுதான் ஸ்டேஷனே விழிக்கிறது. இது வெறும் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கதைக்குத் தூண்டுதலாகச் சொல்லப்படுவது கர்நாடகத்தின் 'சயனைடு மோகன்' வழக்கு. 2003க்கும் 2009க்கும் இடையே கல்யாண ஆசை காட்டி 20 பெண்களைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவன் அவன், பள்ளி ஆசிரியராக இருந்தவன். உடல்கள் பேருந்து நிலையக் கழிப்பறைகளில் கிடைத்தன. சந்தேக மரணம், அடையாளம் தெரியாத பிணம் என்று ஆங்காங்கே ஒரு ஃபைல் போட்டு மூடினார்கள். 2009இல் காணாமல் போன ஒரு பெண் முஸ்லிம் இளைஞனோடு ஓடிவிட்டாள் என்று வதந்தி கிளம்பி, ஊரே காவல் நிலையத்தின் முன் திரண்ட பிறகுதான் விசாரணை வேகம் எடுத்தது.

இங்கேதான் என் சண்டை தொடங்குகிறது. கொலைகாரன் ஒருவன்தான். ஆனால் கவனிக்காமல் விட்ட ஸ்டேஷன்கள் எத்தனை? "பொண்ணு ஓடிப் போயிருக்கும், போய்ட்டு வா" என்று திருப்பி அனுப்பிய அதிகாரிகள் எத்தனை பேர்? முதல் பெண்ணின் புகாரை ஒழுங்காக எழுதி விசாரித்திருந்தால் மற்ற பெண்கள் உயிரோடு இருந்திருப்பார்களே. தொடரில் இந்தக் கேள்வி ஒரு துயரப் பின்னணியாக வந்து போகிறது. அது ஒரு குற்றம் என்று யார் மீதும் வழக்கு வருவதில்லை. ஊதுபத்தி விஷயமும் அப்படித்தான். கதை அதை அவமானமாகக் காட்டுகிறது, குற்றமாகக் காட்டவில்லை. வில்லன் பிடிபட்டதும் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது. ஸ்டேஷன் அப்படியேதான் இருக்கிறது.

இப்போது அந்தத் தங்கையின் அப்பா வழக்குக்கு வருகிறேன்.

ஊர்த் தெரு வழியாக பைக்கில் போனதற்காக வழிமறித்து, சாதிப் பெயர் சொல்லித் திட்டி அடித்தார்கள். தோள்பட்டையில் எலும்பு விரிசல். அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் ஸ்டேஷன் ரைட்டர் மனுவைப் படித்துவிட்டு, "இந்தச் சாதிப் பேரு விஷயத்தை எடுத்துட்டு எழுதிக் குடும்மா, சீக்கிரம் நடக்கும்" என்றார். மூன்றாம் நாள் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அது எஃப்.ஐ.ஆர். இல்லை என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது, வழக்குப் பதிவாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போனார்கள். ஐந்தாம் நாள் அப்பா மீதே ஒரு கவுண்டர் கேஸ் விழுந்தது. எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்த பிறகு, 19ஆம் நாள் எஃப்.ஐ.ஆர். பதிவானது. பிறகு சமாதானம் பேச ஆள் வந்தது, சாட்சிகள் வேலைக்குப் போன இடத்திலிருந்து திரும்பவில்லை, கடைசியில் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று வழக்கை மூடினார்கள்.

தங்கையிடம் அன்று நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. அந்த ஸ்டேஷனில் நம் சமூகத்தைச் சேர்ந்த ஒரு எஸ்.ஐ. இருந்தார்.

கெட்டவர் இல்லை. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று நாளும் டீ வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். மூன்றாம் நாள் வெளியே வந்து, மெல்லிய குரலில், "எஸ்.பி. ஆபீஸுக்குப் போங்கம்மா, இங்க நடக்காது" என்று சொன்னவரும் அவர்தான். அவரால் முடிந்தது அவ்வளவுதான். மேலே இன்ஸ்பெக்டர், அதற்கு மேலே டி.எஸ்.பி., பக்கத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள், அவர்களின் பின்னால் கட்சிக்காரர்கள். அவருடைய அடுத்த பணிமாற்றல் யார் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆக, அஞ்சலி அன்று அந்த ஸ்டேஷனில் இருந்தாள், தங்கச்சி. வழக்கு நிற்கவில்லை.

போலீஸ் தொடர்கள் சமூகப் பிரச்சினையைப் பேசும்போது செய்யும் அடிப்படைத் தவறு இதுதான். சாதியை ஒரு அதிகாரியின் மனசாட்சிப் பிரச்சினையாகச் சுருக்கிவிடுகின்றன. நல்லவர் வந்தால் நியாயம், கெட்டவர் வந்தால் அநியாயம் என்று முடித்துக்கொள்கின்றன. சட்டம் இதைவிடத் தெளிவாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எழுதியவர்கள் நல்ல அதிகாரி வருவார் என்று நம்பி எழுதவில்லை. அதன் 4ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய வேண்டும். அதுவும் சரியான பிரிவுகளில் பதிய வேண்டும். நகலை உடனே கொடுக்க வேண்டும். 60 நாளுக்குள் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். இவற்றை வேண்டுமென்றே செய்யத் தவறும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. விசாரிப்பவர் டி.எஸ்.பி. பொறுப்புக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டின் விதி. 2018 திருத்தத்துக்குப் பிறகு, எஃப்.ஐ.ஆர். போடும் முன் முதல்கட்ட விசாரணை தேவையே இல்லை.

இந்த 4ஆம் பிரிவின் கீழ் எத்தனை அதிகாரிகள் சிறைக்குப் போனதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? அதற்கும் ஒரு பூட்டு போட்டிருக்கிறார்கள். துறை நிர்வாக விசாரணை பரிந்துரைத்தால்தான் அந்த அதிகாரி மீது குற்றச்சாட்டு. போலீஸைப் போலீஸே பரிந்துரைக்க வேண்டும். ஒரு தொடருக்கு இதைவிட என்ன கதை வேண்டும்? 2022இல் மட்டும் பட்டியல் சாதியினர் மீதான குற்றங்களாக 57,582 வழக்குகள் பதிவானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. இது பெஞ்சைத் தாண்டி உள்ளே போக முடிந்தவர்களின் கணக்கு. சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்குப் போனவர்கள் இந்த எண்ணில் இல்லை.

ஏன் தொடர்கள் அந்தப் பெஞ்சுக்கு வருவதில்லை? கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் 1951இல் தொலைக்காட்சிக்கு வந்த 'டிராக்நெட்' இந்த வகைத் தொடர்களுக்கே முன்மாதிரி. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை தன் வழக்குக் கோப்புகளைக் கொடுத்தது, பதிலுக்குக் கதைகளைப் பார்த்து ஒப்புதலும் கொடுத்தது. கறுப்பின மக்கள் அந்தக் காவல்துறையிடம் வாங்கிய அடி அந்தக் கோப்புகளில் எப்படி இருக்கும்? 2020 ஜனவரியில் கலர் ஆஃப் சேஞ்ச் என்ற கறுப்பின உரிமை அமைப்பு 26 குற்றத் தொடர்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. நாயகப் போலீஸ் செய்யும் சட்டமீறல்கள் அவசியமானவை, சரியானவை என்று பார்வையாளர் நம்பும்படி அவை காட்டப்படுகின்றன என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். ஜூன் மாதம், முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த 'காப்ஸ்' நிகழ்ச்சியை அதன் சேனல் நிறுத்தியது. மறு ஆண்டே அது வேறொரு தளத்தில் திரும்ப வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

நம் நாட்டில் 'டெல்லி கிரைம்' முதல் பருவத்தைப் பாருங்கள். 2012 டிசம்பர் டெல்லி கூட்டு வல்லுறவு வழக்கு பற்றியது. 2019இல் வந்தது, 2020இல் சர்வதேச எம்மி விருது வாங்கியது. அந்தக் கதையை எடுக்கலாம் என்று இயக்குநர் ரிச்சி மேத்தாவுக்கு முதலில் யோசனை சொன்னவர் யார் தெரியுமா? சம்பவம் நடந்தபோது டெல்லி போலீஸ் கமிஷனராக இருந்த நீரஜ் குமார். பாதுகாப்பு இல்லை என்று லட்சக்கணக்கானோர் எந்தக் காவல்துறையை எதிர்த்துத் தெருவில் நின்றார்களோ, அதே காவல்துறையின் தூக்கமில்லாத இரவுகள்தான் கதையின் மையம். போராடியவர்கள் வாசலில் கேட்கும் இரைச்சலாகிவிட்டார்கள். சமூகவியல் படித்தவர்கள் ஸ்டூவர்ட் ஹாலும் அவருடைய சகாக்களும் 1978இல் எழுதியதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு குற்றம் எதைப் பற்றியது என்று முதலில் வரையறுக்கும் உரிமை அதிகாரத்தில் இருப்பவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது, மற்றவர்கள் அந்த வரையறைக்குள் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது என்றார்கள் அவர்கள்.

'டெல்லி கிரைம்' இரண்டாம் பருவம் ஒரு படி மேலே போனது உண்மை. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று பார்க்கும் போலீஸ் புத்தியைக் கேள்வி கேட்டது. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நீக்கப்பட்டும் ஸ்டேஷன் சுவரிலிருந்து இறங்கவில்லை என்பதைக் காட்டியது. ஆனால் அந்த மக்கள் நிரபராதிகள் என்று தெரிவதற்கும் ஒரு நேர்மையான பெண் அதிகாரியின் மனக்கலக்கம்தான் வழியாக இருக்கிறது. அவர் கலங்காவிட்டால் அவர்கள் உள்ளேதான் கிடந்திருப்பார்கள்.

2020இல் வந்த 'பாதாள் லோக்' பலருக்கும் பிடித்த தொடர், எனக்கும்தான். பஞ்சாபின் தலித் இளைஞன் தோப் சிங் எப்படிக் கத்தியைக் கையில் எடுத்தான் என்று நேரம் ஒதுக்கிச் சொன்னது. தன்னை இழிவுபடுத்திய ஆதிக்க சாதி இளைஞர்களை அவன் திருப்பித் தாக்கிவிட்டு ஓடுகிறான். பழிவாங்க அவன் தாயை வல்லுறவு செய்கிறார்கள். சரி, அந்தத் தாய் ஸ்டேஷனுக்குப் போனாளா? புகார் எழுதினார்களா? குற்றவாளிகள் கைதானார்களா? கதையின் ஓட்டத்துக்கு அவள் தேவைப்படவில்லை. மகன் ஏன் குற்றவாளியானான் என்று விளக்குவதற்கான ஒரு காரணமாக அவள் வந்து போகிறாள். நம் வலி அவர்களுக்குப் பின்கதை, போலீஸின் துப்பறிதல்தான் முன்கதை.

இன்னொரு விஷம் இருக்கிறது, அதைத் தமிழ்த் திரையில் குழந்தையிலிருந்தே நாம் குடித்து வளர்ந்திருக்கிறோம். அடித்தால் உண்மை வரும் என்ற நம்பிக்கை. நேர்மையான போலீஸ் என்றாலே கை நீட்டுபவர்தான். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்னது, புதிய சட்டத்திலும் 23ஆம் பிரிவில் அது தொடர்கிறது. தொடர்களில் அதே வாக்குமூலத்தோடு வழக்கு முடிந்து பின்னணி இசை ஏறுகிறது. அந்த அடி நிஜத்தில் யார் முதுகில் விழுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1993இல் ராஜாக்கண்ணு என்ற பழங்குடித் தொழிலாளியின் உடலில் விழுந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பா மகன் இருவரின் உடலில் விழுந்தது. அப்போது, 'சிங்கம்' படங்களை எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் இரண்டு பிணங்கள் விழுந்த பிறகு வந்த நேர்மை அது.

சாத்தான்குளத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு காட்சி உண்டு. அந்த ஸ்டேஷனின் சி.சி.டி.வி. பதிவுகள் தினமும் தானாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். இரவு முழுக்க அடித்தார்கள் என்று பயத்தோடு சாட்சி சொன்னவர் அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அவர் பேச முடிந்ததற்குக் காரணம் எதிரே ஒரு மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருந்தார், பின்னால் உயர் நீதிமன்றம் நின்றது, வெளியே மக்கள் நின்றார்கள். எங்கள் ஸ்டேஷனின் எஸ்.ஐ.க்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. தனியாக ஒரு நல்லவரால் டீ வாங்கித்தான் கொடுக்க முடியும். நல்லவர் பேச வேண்டுமென்றால் வெளியே நாம் நிற்க வேண்டும்.

"கதைதானே அக்கா, இவ்வளவு யோசிக்கணுமா?" என்று சிலர் கேட்பீர்கள். வேங்கைவயலை நினைத்துப் பாருங்கள். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அந்த மக்களையே அழைத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததாக சி.பி.சி.ஐ.டி. அறிவித்தது. அந்தச் செய்தி வந்த அன்று எத்தனை பேர் "போலீஸே கண்டுபிடிச்சிட்டாங்கல்ல" என்று நிம்மதியாகப் பகிர்ந்தார்கள்! நீதிமன்றம் ஒரு சாட்சியைக்கூட விசாரிக்கும் முன்பே, போலீஸ் சொன்னதுதான் கடைசி அத்தியாயம் என்று நம்பும் பழக்கம் எங்கிருந்து வந்தது? தினமும் இரவு அந்த வரிசையிலேயே கதை பார்த்துப் பழகிய கண்களிலிருந்து வந்தது.

நம் பிள்ளைகள் போலீஸ் வேலைக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போங்கள், எஸ்.ஐ. தேர்வு எழுதுங்கள். எங்கள் படிப்பகத்திலேயே அதற்கு வகுப்பு நடக்கிறது. நம்மவர் ஒருவர் ஸ்டேஷனில் இருப்பது நல்லதுதான், அவர் சொன்னதால்தான் நாங்கள் எஸ்.பி. அலுவலகம் போனோம். ஆனால் அங்கே போய் நான் அஞ்சலியாகிவிடுவேன் என்று நினைத்துப் போகாதீர்கள். 4ஆம் பிரிவை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். வெளியே இருக்கும் இயக்கத்தோடு உறவை அறுக்காமல் போங்கள்.

தொடர்களையும் பாருங்கள். பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் உயிரோடு பேசுகிறாரா, பிணமாக மட்டும் வருகிறாரா? புகாரை வாங்க மறுத்த அதிகாரிக்கு என்ன ஆனது? நாயகன் அந்த வழக்கிலிருந்து மாற்றப்பட்டால், நியாயம் கேட்டு நிற்க வேறு யாராவது கதையில் இருக்கிறார்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்தத் தொடர் உங்கள் கண்ணீரை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். எழுதத் தெரிந்தவர்கள், கேமரா பிடிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு கதை எடுங்கள். மூன்று நாள், ஒரு மனு, ஒரு ரசீது. அதில் இருக்கும் பதற்றம் எந்தத் தொடர் கொலைகாரன் கதையிலும் கிடையாது.

கடைசியாக என் தங்கைக்கு. வழக்கை மூடிவிட்டதாக உன் அப்பாவுக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்ததே, அதை டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருப்பதாக உன் அம்மா சொன்னார். அதை எடுத்து வை. போலீஸ் மூடினால் வழக்கு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, நீதிமன்றத்தில் ஆட்சேப மனு போடலாம். வழக்கறிஞர் தோழரிடம் பேசிவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்த அந்த எஸ்.ஐ. இப்போது அங்கே இல்லை, மாற்றலாகிவிட்டார். அதனால் ஒன்றும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நீயும் அப்பாவும் கோர்ட் வாசலுக்கு வந்துவிடுங்கள். படிப்பகத்திலிருந்து நாங்கள் பதினைந்து பேர் வருகிறோம்.

ஜெய் பீம்.